மெத்தில் புரோமைடு: கொள்கலன் கதவைத் திறப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கத்துக் கிடங்குகளில் வேலை பார்க்கும் நம் தம்பிகள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பதினான்கு ஆண்டுகளாகக் கொள்கலன்களுக்கு மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவை ஏற்றிப் பூச்சியைக் கொல்லும் வேலை செய்கிறேன். யார்டில் இதைப் பியூமிகேஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். சிலிண்டரோடு வரும் பாதுகாப்புத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள நேரமில்லாதவர்கள்தான் முதலில் கதவைத் திறக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.

மெத்தில் புரோமைடு என்பது என்ன?

ஒரு கார்பன் அணு, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள், ஒரு புரோமின் அணு. அவ்வளவு சிறிய மூலக்கூறு. வேதியியல் நூல்களில் புரோமோமீத்தேன் என்ற பெயரும் உண்டு. 3.6 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருப்பது, நம் ஊர் வெயிலில் வெளியே வந்த உடனே வாயுவாகிவிடும். நிறம் கிடையாது. காற்றைவிட மூன்று மடங்குக்கும் சற்றுக் கூடுதலான கனம். ஆகவே தரையோடு தாழ்ந்து, பள்ளத்தில் தேங்கும். கொள்கலனின் கதவருகே நின்று நெஞ்சு உயரத்தில் அளந்துவிட்டு, தரை மட்டத்தில் அளக்காமல் வருவது அரைகுறை வேலை.

மெத்தனாலையும் ஹைட்ரஜன் புரோமைடையும் வினைபுரியவைத்துத் தொழிற்சாலையில் இதைத் தயாரிக்கிறார்கள். இயற்கையிலும் இது உண்டு. கடல், உப்புச் சதுப்புநிலம், கடுகு, முட்டைக்கோசு குடும்பத்துச் செடிகள், எரியும் காடு என்று பல இடங்களிலிருந்து சிறிதளவு வெளியாகிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு வாடை உண்டா?

நான் சொல்ல வந்ததே இதைத்தான். ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும்போதும் இதன் வாடை தெரியாமல் போகலாம். மிக அதிக அளவில் இருந்தால் மட்டும் குளோரோபாரம் போல இலேசான இனிப்பு வாடை வரும். அதை உணரும் நேரத்தில் நீங்கள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

1826இல் பிரான்ஸில் அந்துவான் பலார் என்ற இளைஞர் உப்பளத்து நீரிலிருந்து புரோமினைக் கண்டறிந்தார். மூக்கைத் துளைக்கும் அதன் நெடிக்காக, கிரேக்க மொழியில் துர்நாற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் புரோமின் ஒரு மெத்தில் தொகுதியோடு, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட துண்டோடு, சேர்ந்ததும் நாற்றம் காணாமல் போய்விடுகிறது. பெயரை வைத்து, "நாறும், தெரிந்துவிடும்" என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். மூக்கு இந்த வேலைக்கு உதவாது. கருவியில் தெரியும் எண் ஒன்றுதான் சாட்சி.

கண் எரியவைக்கும் மருந்தை எச்சரிக்கைக்காகக் கலப்பார்கள் என்று சொல்கிறார்களே?

குளோரோபிக்ரின் என்ற பொருளைச் சுமார் 2 சதவீதம் கலந்து விற்பது உண்டு. ஒரு பொட்டு பட்டாலும் கண்ணீர் கொட்டும். ஆனால் அது செடிகளையும் விதைகளையும் கெடுக்கும் என்பதால், சரக்குக்கு எதுவும் கலக்காத வாயுவையும் பயன்படுத்துகிறார்கள். கலந்த வாயுவாகவே இருந்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. கண் எரியவில்லை என்பதற்காக உள்ளே போகலாம் என்று பொருளில்லை.

எத்தனையோ பூச்சிமருந்து இருக்க, ஏன் இது?

மரத்துக்குள் ஊடுருவும். பூச்சியை மட்டுமல்லாமல் முட்டையையும் புழுவையும் கொல்லும். ஒரே நாளில் வேலை முடியும். கப்பல் காத்திருக்காது என்பதால் இந்த மூன்றாவது குணத்துக்குத்தான் துறைமுகத்தில் மதிப்பு. பூச்சியைக் கொல்லும் இதன் ஆற்றலை 1932இல் பிரான்ஸில் லெ குபில் என்பவர் வெளியிட்டார். அதன் பின் உலகெங்கும் பரவியது. ஒரு காலத்தில் பெருமளவு வாயு கப்பல் சரக்குக்குப் போகவில்லை. கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரி வயல்களைப் போன்ற நிலங்களில் மண்ணுக்குள் செலுத்தினார்கள்.

ஒரு கொள்கலனுக்கு எவ்வளவு வாயு?

ஏற்றுமதிக்கான மரப்பெட்டி, சரக்கை அடுக்கும் மரத்தட்டான பேலட் முதலியவற்றுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதி உண்டு. 2002இல் வந்தது. வெப்பநிலை 21 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு கன மீட்டருக்கு 48 கிராம் போட்டு, 24 மணி நேரம் மூடி வைப்பது வழக்கம். குளிர் நாடுகளில் 56 கிராம், 64 கிராம் என்று கூட்ட வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெக்கைதான். அதனால் நமக்குப் பெரும்பாலும் முதல் கணக்கே போதும்.

இருபதடிக் கொள்கலன் ஏறத்தாழ 33 கன மீட்டர். 48ஆல் பெருக்கினால் 1,584 கிராம், அதாவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதைக் காற்றில் உள்ள விகிதமாக மாற்றினால் பத்து லட்சத்தில் சுமார் 12,400 பங்கு. நாம் பிபிஎம் என்று சொல்வது இந்தப் பத்து லட்சத்துக் கணக்கைத்தான். 250 பிபிஎம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகம் வரையறுத்திருக்கிறது. நாள் முழுவதும் வேலை செய்யும் இடத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்பது அந்நாட்டுத் தொழில்சுகாதார வல்லுநர்களின் பரிந்துரை. 12,400, 250, 1. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி நடக்கிறது?

கொள்கலன் என்றால் முதலில் காற்றுக் கசிவைப் பார்க்கிறோம். தரைப் பலகையில் ஓட்டை, கதவு ரப்பரில் கிழிசல், பக்கச் சுவரின் காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். கசிவு அதிகம் என்றால் முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். தார்ப்பாயின் ஓரத்தில் மணல் நிரப்பிய நீளமான துணிப்பைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்கும்படி அடுக்குகிறோம். பார்ப்பதற்குப் பாம்பு படுத்திருப்பது போல இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று அடித்து ஒரு மூலையைத் தூக்கிவிட்டது. அன்றிலிருந்து மூலைகளுக்கு இரட்டை வரிசை வைக்கிறேன்.

சிலிண்டரிலிருந்து வரும் திரவத்தை அப்படியே உள்ளே விடக்கூடாது. சுடுநீர்த் தொட்டிக்குள் சுருளாக வளைந்திருக்கும் செப்புக் குழாய் வழியாகச் செலுத்தினால்தான் முழுவதும் வாயுவாகும். அந்த நீர் 65 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கிவிட்டால், வெளியேறும் குழாயின் மேல் வெள்ளையாக உறைபனி படர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படிப் படர்ந்தால் திரவம் உள்ளே போகிறது என்று பொருள். அது சரக்கின் மேல் சொட்டிக் கறையாக்கும். வாயுவின் அளவும் தவறும். அலுமினியக் குழாயை ஒருபோதும் இணைக்கக்கூடாது. இந்தத் திரவம் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும்.

உள்ளே மூன்று இடங்களில் அளவெடுக்கும் மெல்லிய குழாய்கள் இருக்கும். மூன்றிலும் அளவு ஏறத்தாழச் சமமான பிறகுதான் 24 மணி நேரக் கணக்கைத் தொடங்குவோம். முடிவில் கன மீட்டருக்கு 24 கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து, மின்விசிறி வைத்துக் காற்றாட விடுகிறோம். 24 கிராம் என்பது ஆறாயிரம் பிபிஎம்முக்கு மேல். பல வேலைகளில் 5 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகே சரக்கை விடுவிக்கிறார்கள். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்க வேண்டும். அரை மணி நேரத்தில் கதவைத் திறந்து கொடு என்று லாரி ஓட்டுநர் நச்சரித்தால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

எந்தச் சரக்குக்கு இதைப் போடக்கூடாது?

கந்தகம் சேர்ந்த பொருள்களுக்கு ஆகாது. இயற்கை ரப்பர், ரப்பர் மெத்தை, கம்பளி, இறகு, தோல் பொருள், சில வகைக் காகிதம் ஆகியவற்றில் பட்டால் அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் ஏறிவிடும். எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் போகாது. கொழுப்பு நீக்காத சோயா மாவு, சமையல் சோடா, மரக்கரி ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை. நெகிழித் தாளால் இறுக்கமாகச் சுற்றிய சரக்காக இருந்தால் தாளைக் கீற வேண்டும். வாயு உள்ளே போகவும் வழி வேண்டும், வெளியே வரவும் வழி வேண்டும்.

ஒரு முறை சோபாக்கள் நிறைந்த நாற்பதடிக் கொள்கலன். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு நிறுவனத்தின் சரக்கு. மாலையில் அளந்தபோது 3 பிபிஎம். நல்லது என்று கதவைச் சாத்திவிட்டுப் போனோம். மறுநாள் காலையில், பழக்க தோஷத்தில் மறுபடி அளந்தேன். 40 காட்டியது. கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை வைத்துப் பார்த்தால் அதுவும் 40. நுரை மெத்தைகள் இரவெல்லாம் தாம் உறிஞ்சியதை மெல்ல வெளியே விட்டிருக்கின்றன. கதவு சாத்தியிருந்ததால் அத்தனையும் உள்ளேயே நின்றுவிட்டது. சான்றிதழில் 3 என்று எழுதியாகிவிட்டது. அதை நம்பி எட்டு மணிக்கு இரண்டு பேர் உள்ளே ஏறியிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது. அளவெடுத்த பின் கதவு சாத்தப்பட்டிருந்தால், அந்த அளவு செல்லாது. மறுபடியும் அளக்க வேண்டும்.

உடம்பை என்ன செய்யும்?

நரம்பையும் நுரையீரலையும் தாக்கும். தொடக்கத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கண் மங்கல் அல்லது ஒன்று இரண்டாகத் தெரிதல். பேச்சு குழறும், நடை தள்ளாடும். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேற்பார்வையாளர் திட்டிய நிகழ்வை நானே பார்த்திருக்கிறேன். குளிர் சாதனம் இல்லாத கிடங்கில் இதே அறிகுறிகளை வெயில் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பாதிப்பு தாமதமாக வருவது. சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாளுக்கும் மேல் கழித்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் ஆள் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பான். இதற்கென்று முறிமருந்து கிடையாது. வரும் பாதிப்புகளுக்கு மருத்துவர்கள் சிகிச்சை தருவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வாயு பட்டதோ என்ற ஐயம் வந்தாலே செய்ய வேண்டியது: ஆளைத் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள், "மெத்தில் புரோமைடு" என்ற பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால்தான் மருத்துவர் ஆளைக் கண்காணிப்பில் வைப்பார். உள்ளே விழுந்து கிடப்பவரை இழுக்க, சுவாசக் கருவி இல்லாமல் நீங்கள் ஓடக்கூடாது. அண்ணன் தம்பியாகப் பழகியவன் கிடக்கும்போது நிற்பது கடினம், தெரியும். ஆனால் ஓடிப் போனால் இருவரைத் தூக்க வேண்டியிருக்கும்.

கையுறை போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே?

இதில் நேர்மாறு. சிலிண்டரைக் கையாளும்போது திரவம் தெறித்தால், ரப்பர் கையுறைக்கும் தோலுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு கொப்புளமாக்கிவிடும். வெறும் தோலில் பட்டால் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மோதிரம், கைக்கடிகாரம், அரைஞாண், இறுக்கமான பூட்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. வேலைக்கு வரும்போது திருமண மோதிரத்தைக் கழற்றி, சட்டைப்பைக்குள் அல்ல, அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். துணிமேல் தெறித்தால் உடனே களைந்து, தோலை நீர்விட்டுக் கழுவுங்கள்.

முகக்கவசம்?

தூசிக்குப் போடும் காகிதக் கவசம் எதையும் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முழுமுகக் கவசமும் குறைந்த அளவு வாயுவுக்கு, குறைந்த நேரத்துக்கு மட்டுமே. அளவு தெரியாத இடம் என்றால் முதுகில் காற்று உருளை சுமக்கும் சுவாசக் கருவிதான். தாடி இருந்தால் கவசத்தின் ஓரம் முகத்தில் ஒட்டாது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் தம்பிகள் அந்த நாட்களில் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஓசோனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மேலே போன வாயு ஓர் ஆண்டுக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் ஒரு பகுதி ஓசோன் அடுக்கை எட்டி, புற ஊதாக் கதிரால் உடைந்து புரோமின் அணுவை விடுவிக்கும். ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமின் அணு, ஒரு குளோரின் அணுவைவிட ஏறத்தாழ அறுபது மடங்கு வீரியமானது. அதனால் ஓசோனைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குள் இதையும் 1992இல் கோபன்ஹேகன் கூட்டத்தில் சேர்த்தார்கள். வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும், வளரும் நாடுகள் 2015க்குள்ளும் கைவிட வேண்டும் என்று முடிவானது.

பலன் கண்கூடு. 1990களின் இறுதியில் காற்றில் லட்சம் கோடிக்கு ஒன்பது பங்குக்குச் சற்று மேல் இருந்தது, இப்போது ஏழுக்கு அருகில் இறங்கியிருக்கிறது. மனிதர்கள் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு வானத்தில் அளந்து பார்க்கும்படி பலித்திருப்பது எனக்குப் பெரும் நிறைவு தருகிறது, என் தொழில் சுருங்கினாலும்.

தடை என்றால் சிங்கப்பூரில் எப்படி இன்னும் பயன்படுத்துகிறார்கள்?

அயல்நாட்டுப் பூச்சி நுழைவதைத் தடுக்கும் தாவரத் தொற்றுத்தடை வேலைக்கும், கப்பலேற்றும் முன் செய்யும் கட்டாயச் சிகிச்சைக்கும் உடன்படிக்கையிலேயே விலக்கு இருக்கிறது. நம் வேலை அந்த விலக்குக்குள் வருகிறது. உரிமம் உள்ளவர்கள், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொடலாம்.

இதற்கு மாற்று இல்லையா?

உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினால் ஐஎஸ்பிஎம் 15 ஏற்றுக்கொள்கிறது. மரப் பேலட்டுகளுக்கு இதைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். சல்பியூரில் புளோரைடு என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டுவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வலியது. எங்கே சூடாக்க முடியுமோ அங்கே வாயு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஊரில் நெல் மூட்டைக்கும் பருப்புக்கும் வைக்கும் மாத்திரையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரத்தில் பாஸ்பீன் வாயுவை விடும். பூண்டு அல்லது கார்பைடு போன்ற வாடை வரும். பூச்சி சாகப் பல நாள் ஆகும். அதுவும் உயிர்க்கொல்லிதான். அரிசி, பருப்புக் கொள்கலனைத் திறக்கும்போது அந்த மாத்திரையின் மிச்சமான சாம்பல் நிறத் தூள் இருந்தால் கையால் கூட்டாதீர்கள்.

பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரி செய்யலாமா?

முத்திரையில் எச்டி (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் சிகிச்சை செய்தது. எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு. பழைய பேலட்டில் வாயு எப்போதோ போயிருக்கும். ஆனாலும் பிள்ளைகள் புழங்கும் அறைக்கு எச்டி மரத்தையே எடுங்கள். எந்த முத்திரையாக இருந்தாலும், வழியில் அதன்மேல் என்ன ரசாயனம் கொட்டியதோ என்ற கேள்வி தனியாக இருக்கிறது. கறை படிந்ததை விட்டுவிடுங்கள்.

பூச்சியைத் தவிர வேறு பயன்?

வேதியியலில் ஒரு மெத்தில் தொகுதியை வேறொரு மூலக்கூறில் ஒட்டவைக்க இது எளிய கருவி; புரோமின் விலகிக்கொள்ள, மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் முன்பு தீயணைப்புக் கருவிகளிலும் நிரப்பினார்கள். நச்சு காரணமாக அது கைவிடப்பட்டது.

எங்கள் விடுதியில் மூட்டைப்பூச்சித் தொல்லை. கொஞ்சம் வாயு கொண்டு வந்து அறையில் விடலாமா?

கூடவே கூடாது. கேட்ட தம்பி நல்லெண்ணத்தில்தான் கேட்டான். தூக்கமில்லாமல் வேலைக்கு வருபவனின் வேதனை எனக்கும் தெரியும். அமெரிக்காவில் வீடுகளுக்குள் இதைப் பயன்படுத்துவதை 1984லேயே நிறுத்தினார்கள். அப்படியும் 2015 மார்ச்சில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒரு விடுமுறை விடுதியின் கீழ்த்தளத்தில் இதைப் பாய்ச்ச, மேல்தளத்தில் தங்கியிருந்த நால்வர் கொண்ட குடும்பம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தளத்தையும் சுவரையும் தாண்டி வாயு போகும். விடுதி நிர்வாகத்திடம் சொல்லி, நீராவியால் சூடேற்றும் முறையைக் கேளுங்கள். படுக்கைத் துணியை அதிகச் சூட்டில் துவைத்து உலர்த்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கொள்கலன், கதவில் எச்சரிக்கைத் தாள் எதுவும் இல்லை. திறக்கலாமா?

தாள் மழையில் கிழிந்திருக்கலாம், ஒட்டாமலே அனுப்பியிருக்கலாம். முதலில் சரக்கு ஆவணங்களில் பியூமிகேஷன் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கதவுகளைச் சுற்றிப் பாருங்கள். ரப்பரின் மேல் ஒட்டுநாடா, காற்றுத் துளையில் ஒட்டுநாடாவின் பசைத் தடம் இருந்தால், யாரோ ஒருவர் வாயு ஏற்றியிருக்கிறார். கதவைத் திறக்காமலே, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே அளவெடுக்கும் குழாயைச் செருகி, தரையோடு ஒட்டி முதலில் அளக்கச் சொல்லுங்கள். அளக்க ஆள் இல்லை, கருவி இல்லை, அவசரம் என்று சொன்னால், "கருவி வரட்டும் அண்ணே, அதுவரை பக்கத்துச் சரக்கை இறக்குகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை விட்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி நில்லுங்கள்.